தொலைதூர நிலநடுக்கம் என் வீட்டுக் கருவியில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: தரையின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் ஜியோபோன் (4.5 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 4.5 அலைவு) ஒன்றைச் செங்குத்தாக வைத்து வீட்டிலேயே நிலநடுக்கப் பதிவுக் கருவி அமைத்திருக்கிறேன். லாரி போவதும் கதவு சாத்துவதும் தெளிவாகப் பதிகின்றன. ஆனால் சுமார் 6,700 கி.மீ. தொலைவில் 7க்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் வந்த அன்று, செய்தியில் சொன்ன நேரத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு லேசாக ஏதோ தெரிந்தது. அது நிலநடுக்கம்தானா என்று எப்படித் தீர்மானிப்பது? முதலில் வரும் பி அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் இடைப்பட்ட விநாடிகளை 8ஆல் பெருக்கினால் தூரம் கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

பதில்: செய்தியில் வருவது நிலநடுக்கம் நடந்த நேரம். உங்கள் வீட்டுக்கு அலை வந்து சேர்வது வேறு நேரம். 6,700 கி.மீ. என்பது பூமியின் மையத்திலிருந்து கோணமாக அளந்தால் ஏறக்குறைய 60 டிகிரி. அவ்வளவு தூரத்துக்குப் பி அலை வர 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எஸ் அலைக்கு 18 நிமிடத்துக்கும் மேல். மேற்பரப்பு அலைகள் அரை மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால் செய்தி நேரத்தில் வரைபடம் வெறுமையாக இருந்ததில் தவறே இல்லை.

இந்த மூன்றில் எதை உங்கள் கருவி பார்க்கும் என்பதுதான் அடுத்த விஷயம். அண்மையில் நடக்கும் நடுக்கம் படபடவென்று அதிரும். தொலைவில் நடந்தது அப்படி வராது. விரைவான அதிர்வுகளைப் பூமி வழியிலேயே உறிஞ்சிவிடும், மெதுவானவைதான் மிஞ்சும். பி அலையில் ஒரு விநாடிக்கு ஒரு அலைவு என்ற அளவில் ஏதாவது கிடைக்கும். எஸ் அலையில் அது பல விநாடிகளாக நீளும். மேற்பரப்பு அலையில் ஒரு அலைவுக்கே 20 விநாடி போல ஆகிவிடும்.

ஜியோபோனோ 4.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகச் செவிடாகும். அதிர்வெண் பாதியானால் அதன் வெளியீடு நாலில் ஒன்றாகக் குறையும். கணக்குப் போட்டால் 1 ஹெர்ட்ஸில் 20இல் ஒரு பங்கு, 20 விநாடி அலையில் 8,000இல் ஒரு பங்கு. சில கருவிகளில் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும் மின்சுற்று இருக்கும். ஆனாலும் 20 விநாடி அலையை அதில் எதிர்பார்க்காதீர்கள். எஸ் அலையும் அநேகமாகத் தெரியாது. அது மெதுவானது என்பதோடு, தரையைப் பெரும்பாலும் பக்கவாட்டில் ஆட்டுவது. உங்கள் ஜியோபோன் மேலும் கீழும் ஆடுவதை மட்டும்தான் பார்க்கும். ஆக, உங்களுக்கு மிஞ்சுவது பி அலை. அதை ஒழுங்காகப் பிடித்தாலே பெரிய விஷயம்.

பிடிக்கும் வழி ஃபில்டர். 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விடுங்கள். 2க்கு மேலே மனிதர்களும் வண்டிகளும் இயந்திரங்களும் போடும் இரைச்சல். 0.5க்குக் கீழே கடலின் ஆட்டம். கடலலைகள் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பதால் 5 முதல் 8 விநாடி அலைவு ஒன்று கண்டத்தின் நடுவில்கூட ஓயாமல் பதியும். புயல் நாட்களில் அது வீங்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இதைப் பார்த்துத்தான் நிலநடுக்கம் என்று துள்ளுவார்கள். ஃபில்டரைக் குறுக்கிக்கொண்டே போகவும் கூடாது. மிகக் குறுகலான ஃபில்டரில் கதவுச் சத்தம்கூட அழகான அலைத்தொகுப்பாக மாறிவிடும்.

சரி, அன்று தெரிந்த அந்த லேசான அசைவு என்ன? நில அதிர்வுப் பட்டியலிலிருந்து நடந்த நேரம், இடம், ஆழம் மூன்றையும் எடுங்கள். எவ்வளவு தூரத்துக்கு அலை வர எவ்வளவு நேரமாகும் என்று சொல்லும் ஐஏஎஸ்பி91 பயண நேர அட்டவணையில் பி அலை எப்போது வந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அந்த நேரத்தில் சில விநாடிகளுக்குள் அசைவு தொடங்கியிருந்தால் முதல் தேர்வில் பாஸ். ஆனால் தேடிப்போனால் இரைச்சலிலும் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். அதனால் நான் நம்புவது இரண்டாவது தேர்வை: அதே பகுதிக்கு அலைமாலைப் படம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று காட்டுவது) போட்டு, 5 ஹெர்ட்ஸுக்கு மேலே பாருங்கள். அங்கேயும் அதே நேரத்தில் பளிச்சென்று எழுந்தால் அது லாரி. கீழே மட்டும் எழுந்து மேலே சலனமில்லாமல் இருந்தால் தொலைவிலிருந்து வந்ததற்கு நல்ல சாட்சி. அருகிலுள்ள வேறொரு நிலையத்தின் பதிவிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கருவியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்து, உலகப் பொது நேரத்தில் ஓட வேண்டும். 60 டிகிரி தூரத்தில் ஒரு விநாடிப் பிழை என்பது சுமார் 16 கி.மீ. தவறு. எஸ்ஸுக்கும் பி-க்கும் உள்ள இடைவெளியை அளக்கும்போது மட்டும் இந்தக் கவலை இல்லை. இரண்டையும் ஒரே கடிகாரம்தானே குறிக்கிறது!

அந்த 8இன் கணக்குக்கு வருவோம். சில நூறு கி.மீ. வரை அது சரி, அதற்கு மேல் இல்லை. தூரம் கூடக்கூட அலைகள் ஆழத்தில் வளைந்து, வேகமான பாறை வழியே ஓடிவருகின்றன. 30 டிகிரிக்கு இடைவெளி சுமார் 5 நிமிடம், 60 டிகிரிக்குச் சுமார் 8 நிமிடம் 15 விநாடி, 90 டிகிரிக்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம் 45 விநாடி. நீங்கள் சொன்ன நடுக்கத்தில் எஸ் அலை தெரிந்திருந்தால்கூட 495 விநாடியை 8ஆல் பெருக்கி 3,960 கி.மீ. என்று சொல்லியிருப்பீர்கள். உண்மையில் பாதி தூரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வந்திருக்கிறீர்கள். அட்டவணையை விட்டால் வழியில்லை. அப்போதும் கிடைப்பது தூரம் மட்டுமே. திசை தெரிய மூன்று நிலையங்களின் பதிவு வேண்டும்.

எஸ்ஸும் மேற்பரப்பு அலையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் கிடைமட்ட ஊசல் ஒன்று செய்யுங்கள், சட்டத்தில் மாட்டிய கதவைப் போல ஆடுவது. அச்சை மிக லேசாகச் சாய்த்து அலைவு நேரத்தை 15 முதல் 20 விநாடிக்குக் கொண்டுவரலாம். 1889இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ரெபூர்-பாஷ்விட்ஸ் என்ற வானியலாளர் இப்படிப்பட்ட ஊசலில்தான் ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்தைப் பதிவு செய்தார். தொலைதூர நிலநடுக்கம் ஒன்று கருவியில் அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் தடவை. ஊசல் காற்றுக்கும் வெப்ப மாற்றத்துக்கும் அசையும் என்பதால் பெட்டியால் மூடி, தரைத்தளத்தில் தரையோடு ஒட்டி வையுங்கள். மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

அப்புறம் இரண்டு விதிவிலக்குகள். ஆழத்தில் நடக்கும் நிலநடுக்கம் மேற்பரப்பு அலைகளை அதிகம் கிளப்பாது. 2013 மே 24 அன்று ஓகோட்ஸ்க் கடலுக்கடியில் சுமார் 600 கி.மீ. ஆழத்தில் நடந்தது 8.3 அளவு என்றாலும் இந்த வகைதான். இன்னொன்று, சுமார் 104 முதல் 140 டிகிரி வரை நேரடிப் பி அலை வராது. பூமியின் திரவக் கருவம் அதை விலக்கிவிடுகிறது. அங்கே மேற்பரப்பில் ஒருமுறை பட்டுத் திரும்பும் பிபி அலையைத் தேடுங்கள். ஆகவே பெரிய நடுக்கம் ஒன்று பதியவில்லை என்றால் கருவியைக் கழற்றுமுன் தூரத்தையும் ஆழத்தையும் பாருங்கள்.