மிதிவெடிக்கு ஒரு கெடு

வணக்கம் அக்கா,

மல்லாவியிலிருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கிறேன். இறுதி வருடத்தில் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்தை, அதாவது போரில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை, எடுக்கலாமா என்று யோசனை. ஆனால் 2009இல் வன்னியில் எங்களைக் காப்பாற்றாத சட்டம், காஸாவிலும் ஒன்றும் செய்யாத சட்டம் செத்துப்போன ஒன்றுதானே? நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கச்சி,

புத்தகங்களை உங்கள் விரிவுரையாளர்கள் சொல்வார்கள். காஸாவைப் பற்றி இரண்டு வரியில் எழுத எனக்கு மனமில்லை. மற்றக் கேள்வி கொஞ்ச நாட்களாக எனக்குள்ளும் ஓடுகிறது, அதனால்தான் பதில்.

புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இராணுவத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஷெல் விழுந்தது. உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் கோபத்தோடு படிப்பை நிறுத்தினால் எப்படி? ஜெனீவா உடன்படிக்கைகளை இலங்கை 1959இலேயே ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுப் போருக்கென அவற்றில் உள்ள பொதுவான 3ஆம் உறுப்புரை அரசையும் கட்டும், சனத்தை வெளியேற விடாமல் மறித்த புலிகளையும் கட்டும். இரண்டையும் வாய்விட்டுச் சொல்ல முடியாதென்றால் இந்தப் பாடத்தைத் தொடாதீர்கள். ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ரோம் சாசனத்திலோ இலங்கை சேரவே இல்லை. இதையெல்லாம் பார்க்காமல் 'செத்துப்போனது' என்று எழுதுவது சோம்பல், தங்கச்சி.

என் சின்னம்மாவுக்கு முகமாலைப் பக்கம் ஒரு தென்னங்காணி இருந்தது. வருடக்கணக்காக முன்னரங்கு அந்த ஊருக்குள்ளேதான். இரண்டு தரப்பும் மிதிவெடி விதைத்த மண். சண்டை முடிந்த பிறகும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை காணியை மறித்து நின்றது. சின்னம்மா காணி உறுதியை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவார். உள்ளே முகக்கவசம் போட்ட பெண்கள் குந்தியிருந்து மண்ணைச் சுரண்டுவார்கள். அனேகமானவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். ஒரு பாய் விரிக்கிற இடம்கூடத் தேறாத நாட்களும் உண்டு.

அந்த வேலைக்குப் பின்னால் மிதிவெடியைத் தடைசெய்ய 1997இல் எழுதப்பட்ட ஒட்டாவா உடன்படிக்கை இருக்கிறது. இலங்கை அதில் 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. அகற்றல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, சரி. ஆனால் சேர்ந்த பிறகுதான் சட்டத்தால் கட்டும் கெடு வந்தது. கையிருப்பை நான்கு வருடத்துக்குள் அழிக்க வேண்டும், புதைந்திருப்பதைப் பத்து வருடத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முடிந்தது என்று வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். அதுவரை காணி எப்போது வரும் என்று கேட்டால் 'பார்ப்போம்' என்ற பதில்தான். உடன்படிக்கை இலங்கைக்கு 2018 ஜூனில் நடைமுறைக்கு வந்ததால், இப்போது 2028 ஜூன் என்று ஒரு திகதி இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா எதுவும் சேராத உடன்படிக்கை இது. பெரிய நாடுகள் வெளியே நின்றும் முகமாலையில் சுரண்டல் நடந்தது.

உங்கள் வகுப்பில் எத்தனை பேர் அந்த வருடாந்த அறிக்கையைத் திறந்து பார்த்திருக்கிறீர்கள்? ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் மார்ச் மாதம் என்ன நடக்கும் என்று எல்லோரும் பேசுகிறோம். முகமாலை இருக்கிற பச்சிலைப்பள்ளியில் எந்தக் காணி மிச்சம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

கெடுவுக்குள் முடியாவிட்டால் அரசு காரணம் எழுதிக் கொடுத்து நீடிப்புக் கேட்க வேண்டும். அந்தக் காரணங்களைக் காணிக்காரருக்குத் தமிழில் வாசித்துக் காட்டவும், பொய் இருந்தால் மறுத்து எழுதவும் வன்னியிலிருந்து ஒரு சட்டத்தரணி வேண்டும். பாடத்தை எடுங்கள்.