ஹோஸ் நீளமானால் வேக்குவத்தின் இழுப்பு ஏன் குறைகிறது?

மரத்தூள் இழுக்கும் வேக்குவத்தில் மோட்டார் அதேதான், நீளமான ஹோஸ் மாட்டியதும் இழுப்பு குறைந்துவிட்டது என்கிறீர்கள். காற்று குழாயின் சுவரோடு உரசிக்கொண்டே வருவதுதான் காரணம். நீளம் இரண்டு மடங்கானால், அதே அளவு காற்றை இழுக்க உரசலில் போகும் அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது விட்டத்தைத்தான். உள்விட்டம் பாதியானால் அந்த இழப்பு சுமார் 32 மடங்கு! 50 மில்லிமீட்டர் ஹோஸைக் கழற்றிவிட்டு 25 மில்லிமீட்டர் போட்டால் நல்ல மோட்டாரும் திணறும். உள்ளே வரிவரியாக மடிப்பு இருந்தால் இன்னும் மோசம்.

சரி, ரொம்பப் பெரிதாகப் போடலாமா? வேண்டாம். காற்றின் வேகம் குறைந்து, மரச்சீவல் வழியிலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். தூரத்துக்கு ஓரளவு அகலமான, உட்புறம் வழவழப்பான குழாய். கைப்பிடிப் பக்கம் மட்டும் குட்டையாக ஒரு சிறிய ஹோஸ். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.