இரவுச் சாப்பாட்டை விட்டும் தொப்பை போகவில்லையே, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். வயது 42, உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன், அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை. அண்மையில் பார்த்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 6.3 மில்லிமோல் என்று வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன ஆண்டு சோற்றை அடியோடு நிறுத்தி, இரவில் பட்டினி கிடந்து ஒரே மாதத்தில் 5 கிலோ குறைத்தேன். அப்புறம் அதற்கு மேலேயே ஏறிவிட்டது. இப்போது கை கால் மெலிந்துவிட்டது, தொப்பை மட்டும் அப்படியே நிற்கிறது. ஜிம்முக்குப் போகலாமா என்றால், "முதலில் எடையைக் குறை, தசையை அப்புறம் பார்த்துக்கொள்" என்கிறார்கள் நண்பர்கள். புரோட்டீன் பவுடர் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று மனைவி பயப்படுகிறார். கூட வேலை பார்ப்பவர் இணையத்தில் வாங்கிய ஒரு சிலிம்மிங் காப்பித் தூளைக் கொடுத்திருக்கிறார், குடிக்கலாமா?

பதில்: அந்தக் காப்பித் தூளைக் குடிக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இப்படி விற்கப்படும் பல சிலிம்மிங் பொருள்களில் சிபுட்ரமின் என்ற மருந்து கலந்திருந்ததை நம் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2010இல் இங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. பாக்கெட்டில் 'முழுக்க மூலிகை' என்றுதான் போட்டிருக்கும். குடித்ததும் பசி அடங்கி நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் வேலை செய்வது மூலிகையாக இருக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் நிறுத்திவிட்டு, படபடப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சரி, போன ஆண்டு உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று பார்ப்போம். சோற்றை அடியோடு நிறுத்தினால் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு முதல் சில நாளிலேயே கரைய ஆரம்பிக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் சேர்ந்து போய்விடும். முதல் வாரத்தில் எடைக் கருவி காட்டிய பெரிய இறக்கத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு குறைந்ததில் கொழுப்பும் உண்டு, தசையும் உண்டு, ஏனென்றால் நீங்கள் புரதமும் சரியாகச் சாப்பிடவில்லை, தசைக்கு வேலையும் கொடுக்கவில்லை. பழையபடி சாப்பிட ஆரம்பித்ததும் தண்ணீர் இரண்டே நாளில் திரும்பியிருக்கும், கொழுப்பும் திரும்பியிருக்கும், தசை மட்டும் திரும்பவில்லை. கை கால் மெலிந்து தொப்பை நிற்பதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஒரு மாதம் இரவுப் பட்டினி கிடந்தவருக்கு மன உறுதி நிறையவே இருக்கிறது, அதைப் போட்ட இடம்தான் தவறு.

உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு, 29. ஆசிய உடலமைப்புக்குச் சிங்கப்பூரில் 23க்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்கிறோம், 27.5க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். நம் இந்திய வம்சாவளியினருக்கு அதே பிஎம்ஐயில் மற்றவர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது வழக்கம், அந்தக் கொழுப்பும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இடுப்பளவையும் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் படியுங்கள், வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. சர்க்கரை 6.3 என்பது நீரிழிவுக்கு முந்திய நிலை. அப்பாவுக்கும் இருக்கிறது என்பதால் இதை லேசாக விடாதீர்கள், அதே நேரம் பயந்தும் போகாதீர்கள். இந்த நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வது என்ற இரண்டே இலக்கு, நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போன ஆண்டு ஒரு மாதத்தில் இறக்கிய அளவுதான் கிட்டத்தட்ட, இந்த முறை மூன்று நான்கு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் அரை கிலோ போதும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சிக்குப் புதியவர், உடம்பில் கொழுப்புக் கையிருப்பும் இருக்கிறது, இப்படிப்பட்டவருக்குக் கொழுப்பு குறைவதும் தசை ஏறுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், ஆக உங்களுக்குத் தசை அழகுக்கான சமாச்சாரம் அல்ல, சர்க்கரைக்கான மருந்து. அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி சாப்பாடு. சோற்றை நிறுத்த வேண்டாம், குறையுங்கள். நம் வீட்டுத் தட்டை நினைத்துப் பாருங்கள்: நடுவில் சோறு மலைபோல, அதன்மேல் சாம்பார், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், ஒரு துண்டு மீன் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதில் மாவுச்சத்து மூன்று இடத்தில் இருக்கிறது, புரதம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கு எளிது, தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்குவா (கெட்டியான சோயாக் கட்டி). உருளைக்கிழங்கு சோற்றின் பங்கில்தான் சேரும், காய்கறியில் சேராது.

நீங்கள் எட்ட வேண்டிய எடை சுமார் 75 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை, அதாவது நாளுக்கு 90 முதல் 120 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம், தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் 19 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8 கிராம். காலையில் பரோட்டாவும் குழம்பும் சாப்பிட்டால் சில கிராமோடு நாள் ஆரம்பிக்கிறது. அதையே இரண்டு முட்டை தோசையும் கெட்டியான சாம்பாரும் என்று மாற்றினால் கிட்டத்தட்ட 20 கிராம் வந்துவிடும், பதினொரு மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடும் பசியும் வராது. மதியம் அங்காடி நிலையத்தில் மீன் சூப் வாங்கினால் பால் ஊற்றாத தெளிவான சூப்பாக, பொரித்த மீனுக்குப் பதில் அவித்த மீனாகக் கேளுங்கள். யோங் தாவ் ஃபூ என்றால் தவ்குவா, முட்டை, கீரை எடுத்து, பொரித்ததை விட்டுவிடுங்கள். தேக்காவில் வாழையிலைச் சாப்பாடு ஆசையாக இருந்தால் போய் உட்காருங்கள், இரண்டாம் முறை சோறு வைக்க வரும்போது கையைக் காட்டிவிட்டு மீன் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள், இரவுதான் வீட்டில் உங்கள் இஷ்டப்படி சமைத்த புரதமும் காயும் கிடைக்கும் வேளை.

குடிப்பதையும் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பலர் நாளுக்கு மூன்று தேநீர் குடிக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் டின் பால். 'ஓ கொசோங்', அதாவது பாலும் வேண்டாம் சர்க்கரையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லிப் பழகினாலே நாளுக்குச் சில நூறு கலோரி தானாகக் குறையும். எடை குறைய நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும் என்பதால், இதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பாட்டில் பானங்களில் சர்க்கரை, கொழுப்பு அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள், சி, டி என்றிருந்தால் வைத்துவிடுங்கள்.

புரோட்டீன் பவுடர் பற்றி உங்கள் மனைவி பயப்படுவது நியாயம்தான், ஆனால் வே பவுடர் என்பது பாலிலிருந்து பிரித்த புரதம், ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த அளவால் கெடுதல் வராது. உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்பதால் முதலில் கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இரண்டும் சரியாக இருந்தால் அவரிடம் காட்டுங்கள், மனம் சமாதானமாகும். சாப்பாட்டிலேயே கணக்கு எட்டிவிட்டால் பவுடருக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை.

பயிற்சிக்கு வருவோம். வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடை எளிது, வேலை முடிந்து ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்குங்கள். பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சியைத்தான், அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன். நாற்காலியின் முன் நின்று, கைகளை நீட்டி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, இருக்கையை லேசாகத் தொட்டதும் எழுங்கள். தொப்பென்று உட்காரக் கூடாது, முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது. அடுத்தது தண்டால், தரையில் வராவிட்டால் புளோக் கீழே இருக்கும் கல்மேசை விளிம்பில் கையை ஊன்றிச் செய்யுங்கள், உடம்பு தலையிலிருந்து குதிகால் வரை நேராக இருக்கட்டும். மூன்றாவது, ரப்பர் பட்டையைத் தூணில் சுற்றி இரு கையாலும் விலாப் பக்கம் இழுப்பது, நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருக்கும் முதுகுக்கு இதைவிட நல்லது இல்லை. நான்காவது, தரையில் இருக்கும் 5 கிலோ அரிசிப் பையை இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளி, முதுகு வளையாமல் தூக்கி நிமிர்வது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, இரண்டு மூன்று சுற்று. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் எகிறும்.

கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எல்லாச் சுற்றிலும் 12 எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். ஆறு மாதமாக அதே 5 கிலோவைத் தூக்கினால் தசைக்கு வளர ஒரு காரணமும் இல்லை. வீட்டில் எடை போதாத நிலை வந்ததும் பக்கத்தில் இருக்கும் ஆக்டிவ்எஸ்ஜி என்ற பொது ஜிம்முக்குப் போங்கள், கட்டணம் குறைவு, யாரும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள், கருவி தெரியாவிட்டால் அங்குள்ள ஊழியரைக் கேளுங்கள். அதே தசைக்கு மறுநாள் ஓய்வு கொடுங்கள். தினமும் 7 மணி நேரம் தூங்குங்கள், தூக்கம் குறைந்தால் பசி கூடும், குறையும் எடையிலும் தசையின் பங்கு அதிகமாகும்.

எடையை வாரம் இரண்டு மூன்று நாள் காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து பார்த்து, சராசரியை மட்டும் எழுதுங்கள். ஒரு நாள் பிரியாணிக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறினால் அது உப்பும் தண்ணீரும். இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுங்கள். எடை அசையாமல் இடுப்பு இரண்டு செ.மீ. குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள், சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள்.

எடை குறைக்கும் ஊசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். சிலருக்கு அது நல்ல மருந்து, மருத்துவர் பார்த்துத் தரும்போது. அதைப் போட்டாலும் தசையும் சேர்ந்து குறையும், ஆகவே மேலே சொன்ன புரதமும் பயிற்சியும் அப்போதும் வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். 40 வயதைத் தாண்டிவிட்டதால் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இருந்தால் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒருவரிடம் பதிந்துகொள்ளலாம். ரத்த அழுத்தம், கொழுப்பு, கிட்னி மூன்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுகுகிறது, தலை சுற்றுகிறது என்றால் அதைச் சொல்லாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் மறுபடி எடுங்கள். அதற்குள், ஜிம்முக்குப் போகும் பலர் தசைக்காக எடுக்கும் கிரியேட்டின் பவுடரை எடுக்க ஆரம்பித்திருந்தால் ரத்தம் எடுக்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதனால் சற்று ஏறியிருக்கும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து, கிட்னியில் கோளாறு என்று நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது.