சப்ளையர் அனுப்பிய ஜிப் ஃபைலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: ஐயா, கோவையில் எலெக்ட்ரானிக் பொருட்கள் இறக்குமதி செய்து விற்கிறோம். ஷென்ஜெனில் ஒரு தொழிற்சாலையில் வைஃபை ரூட்டர் செய்யச் சொல்லி, எங்கள் பிராண்டு பெயரில் வரவழைக்கிறோம். 2,400 விற்றாகிவிட்டது, குடோனில் 600 இருக்கிறது. போன வாரம் ஒரு சாஃப்ட்வேர் டெவலப்பர் சார்பில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரூட்டருக்குள் லினக்ஸ் கெர்னல் என்ற அடிப்படை சாஃப்ட்வேரும் பிஸிபாக்ஸ் என்ற கருவித் தொகுப்பும் இருக்கிறதாம், அவற்றுக்கான ஜிபிஎல் என்ற உரிமத்தை மீறிவிட்டோமாம். சோர்ஸ் கோடும் (சாஃப்ட்வேரின் மூல நிரல்) இழப்பீடும் கேட்கிறார்கள். லினக்ஸ் இலவசம்தானே? 'எல்லா லைசென்ஸும் சரி' என்று சப்ளையர் மெயிலில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் சண்டை போட்டுவிட்டுப் போன சர்வீஸ் இன்ஜினியர்தான் போட்டுக் கொடுத்தார் என்று நினைக்கிறோம். பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு எங்களைப் பிடிப்பது என்ன நியாயம்? இப்போது சப்ளையர் சோர்ஸ் கோடு என்று ஒரு ஜிப் ஃபைல் அனுப்பியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு, அவர்கள் அனுப்பிய உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாமா?

பதில்: போடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது எது என்று பிரித்துவிடுவோம்.

ஒரே ஒரு கேள்விதான். ரூட்டரை விற்றபோது பெட்டியோடு சோர்ஸ் கோடு கொடுத்தீர்களா? அல்லது, யார் கேட்டாலும் தருவோம், குறைந்தது மூன்று வருஷத்துக்கு இது செல்லும் என்று எழுதிய தாளாவது வைத்தீர்களா? இரண்டும் இல்லை என்றால் மீறல் நடந்துவிட்டது. இலவசமா இல்லையா என்பது இங்கே பேச்சே இல்லை. கெர்னலும் பிஸிபாக்ஸும் 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கின்றன. அது நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட அனுமதி. நிபந்தனையை மீறினால் அனுமதி தானாகவே போய்விடும் என்று அதன் 4-ஆம் ஷரத்து சொல்கிறது. அனுமதி போன பிறகு விற்ற ஒவ்வொரு பெட்டியும் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 51-இல் விழும். இறக்குமதியும் அதே பிரிவில் பெயர் சொல்லியே இருக்கிறது.

பெரிய கம்பெனிகளை யாரும் விட்டுவைக்கவில்லை. லிங்க்ஸிஸ் ரூட்டருக்காக 2008-இல் சிஸ்கோ மீது வழக்கு வந்தது, அடுத்த வருஷம் சமரசமானது. 2009 டிசம்பரில் பிஸிபாக்ஸுக்காக நியூயார்க்கில் 14 நிறுவனங்கள் மீது ஒரே வழக்கு. அதில் சாம்சங் இருந்தது. பெஸ்ட் பை என்ற கடைத்தொடரும் இருந்தது, தன் பிராண்டு போட்டு விற்ற ப்ளூ-ரே பிளேயருக்காக. அவர்களில் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் வழக்கை நடத்தாமல் விட்டது. 2010-இல் 90,000 டாலர் இழப்பீடு, அதற்கு மேல் வக்கீல் செலவு, மிச்சமிருந்த டிவிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானது.

சப்ளையரின் மெயில் உங்களைக் காப்பாற்றாது. உங்களுக்கான அனுமதி சப்ளையரிடமிருந்து வருவதில்லை, சாஃப்ட்வேரை எழுதியவரிடமிருந்து நேரடியாக வருகிறது. 'சப்ளையர் தருவார், அவரைக் கேளுங்கள்' என்று கைகாட்டும் வசதியையும் அந்த உரிமம் லாபநோக்கில்லாமல் கொடுப்பவருக்கு மட்டும்தான் தருகிறது. சப்ளையர் மேல் உங்களுக்கு இருக்கும் வழக்கு தனி. அதை இப்போது தொடாதீர்கள்.

இன்ஜினியர் போட்டுக் கொடுத்தாரா என்று நீதிமன்றம் கேட்காது. ஆனால் நான் வேறொன்று கேட்பேன்: அவர் வேலையில் இருந்தபோதே இதைப் பற்றி உங்களுக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பினாரா? அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள், உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். பிரிவு 55-இன்படி, பதிப்புரிமை இருப்பது தெரியாது, தெரிந்திருக்கக் காரணமும் இல்லை என்று நிரூபித்தால் இழப்பீட்டுக்குப் பதில் தடையாணையும், லாபம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ மட்டும்தான். சாஃப்ட்வேர் விஷயத்தில் அந்த வாதம் ஏற்கெனவே மெலிந்தது. அவருடைய மெயில் ஒன்று கிடைத்தால் அதுவும் போய்விடும். அவர் மேல் போலீஸில் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எதிர்த்தரப்புக்கு ஒரு சாட்சியை நீங்களே தயார் செய்து கொடுத்ததாகிவிடும்.

இனி அந்த ஜிப் ஃபைல். என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிற குழி இதுதான். நோட்டீஸ் வந்ததும் பதற்றத்தில் சப்ளையரை நெருக்குவார்கள். அவர் சிப் தயாரித்த கம்பெனி கொடுத்த பழைய தொகுப்பை அப்படியே ஜிப் செய்து அனுப்புவார். இவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் முன்னே தள்ளிவிட்டு, 'இந்த மாடலின் முழுமையான சோர்ஸ் கோடைக் கொடுத்துவிட்டோம், இனி மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் இவ்வளவு தருகிறோம்' என்று கையெழுத்துப் போடுவார்கள். பிறகு எதிர்த்தரப்பு அதைக் கம்பைல் செய்து, அதாவது ஓடும் சாஃப்ட்வேராக மாற்றிப் பார்க்கும். கெர்னல் பதிப்பு வேறாக இருக்கும், கான்ஃபிக் ஃபைல் இருக்காது, ஃபர்ம்வேர் இமேஜ் (ரூட்டரில் ஏற்றும் ஃபைல்) உருவாக்கும் ஸ்கிரிப்ட் இருக்காது. கம்பைல் செய்யவும் இன்ஸ்டால் செய்யவும் பயன்படும் ஸ்கிரிப்டும் சேர்ந்ததுதான் முழு சோர்ஸ் கோடு என்று ஜிபிஎல்லின் 3-ஆம் ஷரத்திலேயே எழுதியிருக்கிறது. அதுவரை தெரியாமல் செய்த இறக்குமதியாளராக இருந்தவர், அன்றிலிருந்து எழுதிக் கொடுத்த வாக்கை மீறியவர்.

ஜெர்மனியில் ஃபான்டெக் என்ற நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. மீடியா பிளேயர் விற்றார்கள், தயாரித்தது சீனாவில். 2010-இல் இப்படி ஒரு உறுதிமொழி கொடுத்தார்கள். 2012-இல் பெர்லினில் ஒரு பயிலரங்கில் அந்தப் பெட்டியைச் சோதித்தபோது, கொடுத்த சோர்ஸ் கோடும் உள்ளே ஓடுவதும் பொருந்தவில்லை. சப்ளையர் சரி என்று சொன்னார் என்பதுதான் அவர்கள் வாதம். 2013 ஜூனில் ஹாம்பர்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சப்ளையர் சொல்லை நம்பியது கவனக்குறைவு, செலவானாலும் நீங்களே சோதித்திருக்க வேண்டும் என்றது. அபராதம் 5,100 யூரோ, செலவுத்தொகை தனி. தொகை சிறிது என்று நினைக்காதீர்கள், அவர்கள் ஒப்புக்கொண்டது ஒரு மீறலுக்கான தொகை. உங்கள் பத்திரத்தில் பெட்டிக்கு இவ்வளவு என்று இருந்தால் கணக்கு 600-இலிருந்து தொடங்கும். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 இருக்கிறது, நீதிமன்றம் குறைக்கும் என்று யாராவது சொல்வார்கள். குறைக்கலாம். ஆனால் இடைக்காலத் தடை கேட்கும் அன்று நீதிபதி முன் இருப்பது உங்கள் கையெழுத்து.

ஆகவே முதலில், இப்படிக் கருவிக்குள் ஓடும் சாஃப்ட்வேர் தெரிந்த ஒரு எம்பெடெட் இன்ஜினியரைப் பிடியுங்கள். ஜிப்பைக் கம்பைல் செய்து, வரும் ஃபர்ம்வேரை உங்கள் ரூட்டரில் ஏற்றி, அது எழுந்து வேலை செய்கிறதா என்று பார்த்து, பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால் என்னென்ன குறைகிறது என்று சப்ளையரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மொபைல் ஆப்பின் கோடையும் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம் வேண்டாம். தனியாக எழுதிய ஆப் இதில் வராது.

600 பெட்டியையும் இன்றே நிறுத்துங்கள். டீலர்களிடம் இருப்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் சர்வரிலிருந்து தானாகப் போகும் ஃபர்ம்வேர் அப்டேட்டும் விநியோகம்தான், அதையும் நிறுத்துங்கள். நோட்டீஸுக்குப் பிறகு விற்பது தெரிந்தே விற்பது. பிரிவு 63-இல் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை இருக்கிறது, இது ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் குடோனுக்கு வந்து பெட்டிகளை எண்ணும் நிலைக்கு விடாதீர்கள்.

அப்புறம் சமரசம். இந்த வழக்கை நடத்தாதீர்கள், ஜெயிக்க வழி எனக்குத் தெரியவில்லை. அவர்களுடைய வக்கீல் செலவைப் பேசிக் குறைத்துக் கொடுத்துவிடுங்கள். பணத்தைவிட வாசகத்தில் பிடிவாதமாக இருங்கள். 4-ஆம் ஷரத்தில் போன உரிமம் சோர்ஸ் கோடைக் கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டது என்று அந்த உரிமத்தில் எங்கும் இல்லை. ஆகவே உரிமத்தைத் திரும்பத் தருகிறோம் என்று அவர்கள் எழுத்தில் தரவேண்டும். உறுதிமொழி இந்த ஒரு மாடலோடு நிற்க வேண்டும். கொடுத்ததில் குறை இருந்தால் எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 30 நாள் தந்த பிறகே அபராதம் என்று இருக்க வேண்டும். இந்த ஒரு வரிக்காக மற்ற எதையும் விட்டுக்கொடுக்கலாம்.

நோட்டீஸ் அனுப்பியவர் யார் என்றும் பாருங்கள். 2017 அக்டோபரில் கெர்னல் டெவலப்பர்கள் பலர் ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: அவர்களிடமிருந்து முதல் முறை நோட்டீஸ் பெற்றவர் 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பிவிடும். இவரும் அதில் இருந்தால் கெர்னலைப் பொறுத்தவரை உங்கள் பாரம் பாதி இறங்கும். பிஸிபாக்ஸுக்கு அது பொருந்தாது, தனியாகப் பேச வேண்டும். நோட்டீஸ் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் மிச்சம் 23 நாள். நாளைக்கே ஒரு ரூட்டரையும் அந்த ஜிப்பையும் இன்ஜினியர் கையில் கொடுங்கள்.