சைப்ரஸில் குடியேறினால் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

வெயில் தீவுதானே என்று கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கோடையில் தலைநகர் நிக்கோசியாவில் 40 டிகிரியைத் தொடும், அது எதிர்பார்த்ததுதான். புதிதாக வருபவர்களை வாட்டுவது ஜனவரி. வீடுகள் வெயிலை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. தரையெல்லாம் டைல்ஸ், பல வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் வசதியே இல்லை. வெளியே இளவெயில் அடிக்கும், உள்ளே வெறுங்காலை வைத்தால் சில்லென்று ஏறும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது முதலில் இதைக் கேளுங்கள். ஒரு ஆறுதல்: மொட்டைமாடிகளில் சோலார் ஹீட்டர் சர்வ சாதாரணம், ஆண்டின் பெரும்பகுதி வெந்நீருக்குக் கரண்ட் செலவு வராது.

ரயில் கிடையாது. பேருந்து நகரத்துக்குள் ஓரளவு உதவும், கிராமத்தில் கார் இல்லாமல் முடியாது. 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் சாலையில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆங்கிலம் பரவலாகப் புரியும். ஆனாலும் காலையில் ரொட்டிக் கடையில் கிரேக்க மொழியில் ‘கலிமேரா’ என்று காலை வணக்கம் சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், ஆகஸ்ட் 15 மாதா திருநாள் விடுமுறையை ஒட்டிச் சிறு கடைகள் பல மூடியிருக்கும். வீட்டு ரிப்பேர் எதையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.