கட்ஷூ கடிக்கிறது, குதிகால் வலிக்கிறது: 4,500 ரூபாய் இன்சோல் வாங்கலாமா?

கேள்வி: சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் பிரிவில் இருக்கிறேன். வயது 36. நாள் முழுக்க நிற்கிற வேலை. இந்தக் கோடையில் யூனிஃபார்ம் சேலையோடு கறுப்பு கட்ஷூ கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். குதிகாலில் கொப்புளம், மெட்டி போட்ட விரலில் புண். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது. ஒரு மாலில் மெஷின் மேல் நிற்கவைத்து, ‘உங்களுக்குத் தட்டைப் பாதம்’ என்று சொல்லி 4,500 ரூபாய்க்கு ஜெல் இன்சோல் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? வைகாசியில் தங்கை கல்யாணம் வேறு இருக்கிறது. அன்றைக்குப் போட வேண்டிய செருப்பும், பட்டு ரவிக்கையில் வியர்வையும் இன்னொரு கவலை.

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

அந்த மெஷின் பொய் சொல்லவில்லை, அதைக் காட்டி விற்பவர்தான் சொல்கிறார். பாதத்தின் எந்தப் பகுதியில் எடை அதிகம் இறங்குகிறது என்பதை அது நிறத்தில் காட்டும். யார் ஏறி நின்றாலும் குதிகால் சிவப்பாகத்தான் தெரியும். அந்தச் சிவப்பைக் காட்டியே பாதி வியாபாரம் நடந்துவிடுகிறது. தட்டைப் பாதம் என்பதும் தன்னளவில் நோயில்லை. வலியே இல்லாமல் அந்தப் பாதத்தோடு வாழ்நாள் முழுக்க நடப்பவர்கள் ஏராளம். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பிப் பாருங்கள். உள்பக்கம் வளைவு தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே கடிக்கிற ஷூவுக்குள் தடிமனான ஜெல்லை வைத்தால் கால் மேலே ஏறும், இடம் இன்னும் குறையும், குதிகால் மேல்விளிம்பில் இன்னும் உரசும். சிலிக்கோன் ஜெல் வியர்வையை உறிஞ்சவும் உறிஞ்சாது. மே மாத வெயிலில் பாதம் அதன் மேல் வழுக்கிக்கொண்டே இருக்கும். கொப்புளம் வருவதே ஈரமும் உரசலும் சேர்வதால்தான். இரண்டையும் காசு கொடுத்து வாங்கிப்போடுவானேன்?

அளவெடுத்துச் செய்தது என்றால் மட்டும் என்ன? குதிகால் வலிக்கு, அளந்து செய்த இன்சோலுக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண இன்சோலுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியும் யாராவது அளந்து செய்து தருகிறேன் என்று வந்தால், ‘இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் உங்கள் பதிவு எண் என்ன?’ என்று கேளுங்கள். பிரேஸ், செயற்கைக் கால் போன்றவற்றைப் படித்துவிட்டுச் செய்பவர்களுக்கு அந்தப் பதிவு உண்டு. மால் ஸ்டாலில் நிற்கும் பையனுக்கு அனேகமாக டார்கெட் மட்டும்தான் உண்டு.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஷூவை மாற்றுங்கள். கடை கறுப்பு என்றுதான் சொல்லியிருக்கும், குறுகலானது என்று சொல்லியிருக்காது. நாள் முழுக்க நின்ற கால் சாயங்காலம் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போய் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். நம்மவர் பாதத்துக்கு முன்பக்கம் அகலம் அதிகம். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து, ‘பா’ என்ற பெயரில் இந்தியர்களுக்கென்றே ஓர் அளவுமுறையை முன்மொழிந்தது. கடைக்குப் போனால் இன்னும் ‘யூகே சைஸ் அஞ்சா, ஆறா’ என்றுதான் கேட்கிறார்கள். அளந்து கொடுத்தாகிவிட்டது, யார் எப்போது அமல்படுத்துவார்களோ!

கொப்புளத்துக்கு மருந்துக்கடையில் மைக்ரோபோர் பேப்பர் டேப் கேளுங்கள். மிகவும் மலிவு. கொப்புளம் வந்த பிறகு அதன் மேல் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன், உரசும் இடத்தில், காய்ந்த தோலில் ஒட்டுங்கள். ஷூவுக்குள் மறைகிற குட்டை சாக்ஸ் போடுங்கள். பருத்தி மட்டும் என்றால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைலான் கலந்தது மேல். மதியம் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

மெட்டியைக் கடையில் இருக்கும் நேரத்தில் கழற்றி வையுங்கள். மாமியார் கேட்டால் டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். கழற்றவே முடியாது என்றால், புண் ஆறும் வரையாவது முன்பக்கம் திறந்த செருப்புக்கு அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

காலையில் முதல் அடியில் வரும் வலி, பெரும்பாலும் குதிகாலிலிருந்து விரல்வரை போகும் சவ்வு இழுபடுவதால் வருவது. படுக்கையை விட்டு இறங்கும் முன், ஒரு காலைத் தூக்கி மறு தொடை மேல் வைத்து, விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுங்கள். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை. வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். புது ஷூவில் இடம் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஹீல் கப் (குதிகாலுக்கு அடியில் வைக்கும் சின்ன மெத்தை) இரண்டு காலுக்கும் வைக்கலாம். வலி அடங்க மாதக்கணக்கில் ஆகும், பாதியில் விடாதீர்கள்.

இதைவிட நல்ல வைத்தியம் ஒரு நாற்காலி. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018லேயே செய்துவிட்டார்கள். நம் ஊரில் பல கடைகளில் அந்த ஸ்டூல் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கவுன்ட்டருக்குப் பின்னால் முளைக்கிறது. தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள்.

ஒரு விஷயம் நீங்கள் எழுதவில்லை: சர்க்கரை இருக்கிறதா? பரிசோதித்ததே இல்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். இருந்தால், மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. விரல் புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப் பக்கமே போகாதீர்கள். அதில் 40 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் இருக்கும். ஆணியை அரிக்கிற அமிலம் பக்கத்துத் தோலையும் அரிக்கும், சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலில் அது தெரியவே தெரியாது. வெந்நீரில் கால் வைப்பதும் கூடாது. ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அறுந்த வாருக்கு ஊக்கு குத்திய செருப்பைத் தூக்கி எறியுங்கள். வீட்டுக்கு எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு, அதுவும் பின்வார் வைத்தது. தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களைக் காப்பாற்ற வேலூர் பக்கம் டாக்டர் பால் பிராண்ட் காலத்தில் உருவாகிவந்த செருப்பு அது. அதன் பெயரில் மெத்தென்று எதையோ விற்கிறார்கள். டப்பாவில் ‘ஆர்த்தோ’ என்று அச்சடிக்க யாரும் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், வாங்கும் முன் அங்கே கேளுங்கள். வரிசையில் அரை நாள் போகும். அதற்குப் பயந்துதான் பலர் மால் மெஷினில் ஏறுகிறார்கள்.

கல்யாணத்துக்கு: பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய ஃபேன்சி செருப்பை நம்பாதீர்கள். பி.யூ. (பாலியூரித்தேன்) சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தில் உளுத்துவிடும். மண்டப வாசலில் பொலபொலவென்று உதிரும். இப்போதே எடுத்து நன்றாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் பசை நிற்காது, சோல் மாற்ற வேண்டும். அக்குள் வியர்வைக்கு, வெறும் வாசனை டியோடரன்ட் உதவாது. ஆன்டி-பெர்ஸ்பிரன்ட் வாங்கி முந்தின இரவே காய்ந்த தோலில் தடவுங்கள். பட்டு ரவிக்கைக்குள் துணி ஸ்வெட் பேடைத் தையற்காரரிடம் கொடுத்து டாக் போட்டுவிடுங்கள், ஒட்டுகிற வகை முகூர்த்தம் முடிவதற்குள் கழன்றுவிடும்.