120 மணி நேரம் சேர்த்தால் போதுமா? சி.டி.ஏ. சான்றிதழ்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பராமரித்துக் கற்பிக்கும் பணியில் இருக்கும் வாசகியர் பலர், சி.டி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் ‘சைல்ட் டெவலப்மென்ட் அசோசியேட்’ சான்றிதழைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 1975-ஆம் ஆண்டில் முதன்முதலாக அளிக்கப்பட்ட இச்சான்றிதழை, வாஷிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கவுன்சில் ஃபார் ப்ரொஃபஷனல் ரெகக்னிஷன்’ இப்போது வழங்கி வருகிறது. வந்த கடிதங்களில், இதைப் பெறத் தேவையான 120 மணி நேரப் பயிற்சி பற்றிய ஐயங்களே மிகுதியாக இருப்பதால், அவற்றுக்கு இவ்விதழில் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம். நான் ஒரு டேகேரில் மூன்று வயதுக் குழந்தைகளின் வகுப்பில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். மாநில விதிப்படி ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பயிற்சிகளை எடுத்ததில் 120 மணி நேரத்துக்கு மேலாகவே சேர்ந்துவிட்டது. கோவையில் முடித்த பி.எட். பட்டமும் கையில் இருக்கிறது. உடனே விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகி, டல்லாஸ்

விண்ணப்பிப்பதற்கு முன், சேர்த்து வைத்திருக்கும் சான்றுகளை எல்லாம் மேசையில் பரப்பி, தலைப்பு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 120 மணி நேரம் என்பது மொத்தக் கணக்குதான். அதற்குள் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. கவுன்சில் எட்டுப் பாடப்பகுதிகளை வகுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பும் சுகாதாரமும் உள்ள கற்றல் சூழல், உடல் மற்றும் அறிவு வளர்ச்சி, சமூக மற்றும் உணர்வு வளர்ச்சி, குடும்பத்தாருடன் நல்லுறவு, மையத்தின் நிர்வாகம், தொழில்நெறி, குழந்தைகளைக் கவனித்துப் பதிவு செய்தல், குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகள் ஆகியவையே அந்த எட்டு. இவ்வாறு 80 மணி நேரம் பங்கிடப்பட்ட பிறகு, எஞ்சிய 40 மணி நேரத்தை எட்டில் எந்தப் பகுதியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

உங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், டெக்சாஸ் மாநிலம் ஆண்டுதோறும் கேட்கும் 24 மணி நேரப் பயிற்சியில் பெரும்பகுதியை ஊழியர்கள் தொற்றுநோய்த் தடுப்பு, பாதுகாப்பான உறக்கம், அவசரநிலை ஏற்பாடு போன்ற தலைப்புகளிலேயே எடுத்து முடித்துவிடுகிறார்கள். இவை அனைத்தும் முதல் பகுதியில்தான் போய்ச் சேரும். ஒருவரிடம் அந்தப் பகுதியில் மட்டும் 60 மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கட்டாயமான 10, விருப்பப் பங்கான 40 ஆக 50 மணி நேரம்தான் கணக்கில் ஏறும். மீதமுள்ள 10 மணி நேரத்தால் பயனில்லை. மற்ற ஏழு பகுதிகளுக்கும் தலா 10 வீதம் 70 மணி நேரத்தை அவர் தனியே காட்டியாக வேண்டும்.

அடுத்தபடியாக, சான்றை அளித்தவர் யார் என்று பாருங்கள். சமுதாயக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், தொழிற்பயிற்சி நிறுவனங்கள், ஹெட் ஸ்டார்ட் (குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளுக்கான அரசு முன்பள்ளித் திட்டம்) அமைப்புகள், குழந்தை நல வழிகாட்டு முகமைகள் என, ஆரம்பக்கால ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் தேர்ச்சியுள்ள நிறுவனங்கள் நடத்தும் வகுப்புகளே ஏற்கப்படுகின்றன. மாநாட்டு அமர்வுகளுக்கும், தனிப்பட்ட ஆலோசகர் ஒருவர் நேரடியாக நடத்திய வகுப்புகளுக்கும் இங்கே இடமில்லை. உங்கள் டைரக்டர் அன்போடு ஏற்பாடு செய்த சனிக்கிழமை வகுப்பு எவ்வளவு சிறப்பாக இருந்திருந்தாலும், அதன் பின்னால் ஒரு நிறுவனம் இல்லையென்றால் அதை நம்பியிருக்க வேண்டாம். சான்றில் உங்கள் பெயர், நாள், தலைப்பு, மணி நேரம், நிறுவனத்தின் பெயர் ஆகியவை தெளிவாக இருக்கட்டும். ஒரே நீண்ட வகுப்பு பல பகுதிகளைத் தொட்டிருந்தால், எந்தப் பகுதிக்கு எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் காட்டும் கடிதத்தை அந்நிறுவனத்திடமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கல்லூரியில் மதிப்பெண் அலகுக்காக (கிரெடிட்) படித்த பாடங்களையும் காட்டலாம் என்றாலும், அப்படித்தான் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பி.எட். பட்டத்தைப் பொறுத்தவரை, பள்ளிப் படிப்பை முடித்தவர் என்ற அடிப்படைத் தகுதியைத் தாண்டியவர் நீங்கள் என்பதற்கு அது சான்றாகுமே தவிர, மேல்வகுப்பு மாணவருக்குப் பாடம் நடத்தும் முறையை மையமாகக் கொண்ட அந்தப் படிப்பைப் பிறப்பு முதல் ஐந்து வயது வரைக்கான பயிற்சியாகக் காட்ட முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

பெரும்பாலும் வெறுமையாக இருப்பது ‘கவனித்துப் பதிவு செய்தல்’ என்ற பகுதிதான். இதில் 10 மணி நேரத்தை எப்படியாவது நிரப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள். பிறகு தயாரிக்க வேண்டிய தொகுப்பில் இந்தத் திறனைக் காட்ட வேண்டியிருக்கும். “குழந்தை அடம் பிடித்தான்” என்று எழுதினால் அது நம் தீர்ப்பு. “கட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் அழுதான், பிறகு தானே எழுந்து வந்து ஒரு கட்டையைப் பெட்டியில் போட்டான்” என்று எழுதினால் அது பதிவு. வீட்டில் நாள் முழுவதும் குழந்தைகளுக்கு அடைமொழி சூட்டியே பழகிய நமக்கு இந்த எழுத்துமுறை கைவரச் சற்றுக் காலமாகும்.

பச்சிளம் குழந்தைகளின் அறையில் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, சென்ற மாதம்தான் நான்கு வயதுக் குழந்தைகளின் வகுப்புக்கு மாறினேன். எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

உங்களைப் போல் மையங்களில் பணிபுரிபவர்களுக்கு, பிறப்பு முதல் 36 மாதம் வரை ஒரு பிரிவு. 3 முதல் 5 வயது வரை மற்றொரு பிரிவு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள், தேர்ந்தெடுக்கும் பிரிவுக்குரிய குழந்தைகளோடு 480 மணி நேரம் பணியாற்றியிருக்க வேண்டும். பழைய அறையில் அந்தக் கணக்கை நீங்கள் முடித்திருப்பீர்கள். ஆனால், உங்களை மதிப்பிட வரும் நிபுணர், நீங்கள் அந்த வயதுக் குழந்தைகளோடு பணியாற்றுவதை நேரில் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இப்போதைய வகுப்பிலேயே தொடரப் போவதாக இருந்தால், வாரம் 40 மணி நேர வேலையில் 12 வாரங்கள் பொறுத்திருந்து முன்பள்ளிப் பிரிவில் விண்ணப்பிப்பதே நல்லது. ஊதியமில்லாப் பணியும் இந்த 480 மணி நேரத்தில் சேரும் என்று கேள்விப்பட்டு, வேலை அனுமதி வருவதற்கு முன்பே டேகேர்களில் இலவசமாகப் பணியாற்ற எண்ணுபவர்கள், முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நலம்.

பயிற்சி முடிந்துவிட்டது. இனி தேர்வு மட்டும்தானே? செலவுக்கு ஏதும் உதவி கிடைக்குமா?
– ஒரு வாசகி, சார்லட், வட கரோலினா

இல்லை. முதலில் ‘ப்ரொஃபஷனல் போர்ட்ஃபோலியோ’ என்ற தொகுப்பைத் தயாரிக்க வேண்டும். பயிற்சிச் சான்றுகள், பெற்றோர் நிரப்பித் தந்த வினாத்தாள்கள், வாராந்தர உணவுப் பட்டியல், கற்பித்தல் திட்டம், குழந்தைகளுக்கு நீங்கள் வாசித்துக் காட்டிய பத்துப் புத்தகங்களின் விவரம், ஆறு திறன்களைப் பற்றிய கட்டுரைகள், உங்கள் கல்விக் கொள்கையை விளக்கும் அறிக்கை ஆகியவை அதில் அடங்கும். முதலுதவியும் குழந்தைகளுக்கான சி.பி.ஆர். (நின்றுபோன மூச்சையும் இதயத் துடிப்பையும் மீட்கும் அவசர உதவி) பயிற்சியும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பெற்றோர் வினாத்தாள்களும் தொகுப்பும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் தயாரானவையாக இருக்க வேண்டும் என்பதால், பயிற்சி முடியும் தறுவாயில் இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். அதன் பிறகு நிபுணரின் வருகையும், 65 கேள்விகள் கொண்ட கணினித் தேர்வும் இருக்கின்றன.

செலவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1990-இல் உங்கள் வட கரோலினாவிலேயே தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவிய டீச் உதவித்தொகைத் திட்டத்தில், செலவின் பெரும்பகுதியைத் திட்டமும் ஒரு பங்கை வேலை தரும் மையமும் ஏற்கின்றன. அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் பணியில் நீடிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு மையத்துக்கு மாறும் எண்ணம் இருப்பவர்கள் கையெழுத்திடுமுன் யோசிக்கவும்.

என் அக்காவின் இரு பிள்ளைகளை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் விண்ணப்பிக்க இது போதுமா?
– ஒரு வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

போதாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட, உங்களோடு இரத்த உறவோ திருமண உறவோ இல்லாத குறைந்தது இரண்டு குழந்தைகள் உங்கள் பராமரிப்பில் இருக்க வேண்டும்.

சான்றிதழ் பெற்று இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. புதுப்பிக்க மீண்டும் 120 மணி நேரம் படிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

தேவையில்லை. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க 45 மணி நேரப் பயிற்சியோ, மூன்று அலகுகள் கொண்ட ஒரு கல்லூரிப் பாடமோ போதும், சி.இ.யு. எனப்படும் தொடர்கல்வி அலகுக் கணக்கில் சொன்னால் 4.5. இத்துடன், 80 மணி நேரப் பணி அனுபவம், நடப்பில் உள்ள முதலுதவிச் சான்று, ஆரம்பக்காலக் கல்வி அமைப்பு ஒன்றில் உறுப்பினர் நிலை ஆகியவையும் கேட்கப்படும். மூன்றாண்டு முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பதால், எஞ்சியுள்ள ஆறு மாதங்களில் முதல் வேலையாக ஒரு கல்லூரிப் பாடத்தில் சேர்ந்துவிடுங்கள். பருவத் தொடக்கத்தைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்காது.